பார்த்தாச்சு வாத்தியாருக்கு அடுப்படிகள் தரும் மடல்

ஜொகூர் நாட்டுச் சிகாமட் வட்டாரத்தில், சுங்கை கெலாடித் தோட்டத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியராய் இருபது ஆண்டுகளுக்கு மேலாய் வீற்றிருந்து, இந்த ஈசுவர ஆண்டு மார்கழித் திங்களில் ஓய்வு பெறும் ஜனாப் அப்துல் ஹலீம் சாகிபு அவர்களின் திருமுன், உடனுழைத்த ஆசிரியர்களும் லயத்து மக்களும் உள்ளங் கனிந்து வாசித்தளிப்பது:

அருந்தமிழை ஆரமுதாய் ஊட்டிய அண்ணலே! ஆரவாரம் அறியாத ஆசானே! இன்சொல் அன்றி இன்னாச்சொல் இயம்பாத இனியவரே! ஈரமும் ஈகையும் இரு கரமாய் இயங்கியவரே! உழைப்பவர் உள்ளத்தில் உறைந்த உத்தமரே! ஊக்கத்தின் ஊற்றே! எளிமையின் எல்லையே! ஏழையர் ஏற்றமே! ஐயம் அகற்றிய ஐயனே! ஒழுக்கத்தை ஒருபோதும் ஒதுக்காத ஒருவரே! ஓயாது உழைத்து இன்று ஓய்வு காணும் ஓங்கு புகழோரே! தங்களுக்கு எங்கள் வணக்கமும் சலாமும் உரியன ஆகுக!

இதுவரை வாசித்தது தங்கராஜு வாத்தியார் எழுதியது. அகரத்தில் கிளம்பி ஓகாரம் வரையில் ஒரே ஓட்டமாய் ஓடி வந்தவர், ஔகாரத்தில் வந்து வண்டி குடைசாய்ந்ததுபோல் நின்றுவிட்டார். இரண்டு நாள் தலையைச் சொறிந்து பார்த்துவிட்டு, “ராஜம்மா டீச்சர், மிச்சத்த நீங்களே எழுதிடுங்க” என்று பேனாவை என் பக்கம் தள்ளினார். ஆகவே இனி வருவது சின்ன வகுப்பு ராஜம்மாவின் கைவரிசை. அவர் எழுதியதில் ஓர் அடைமொழியை மட்டும் நான் அடித்துவிட்டேன். அதற்காக என்னோடு முகங்கொடுத்துப் பேசாமல் அதோ அந்தத் தூணோரம் நிற்கிறார். ஏன் அடித்தேன் என்பதை மடல் முடிவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

அடுப்படியை அறிவுப்படி ஆக்கிய ஆசானே!

பெருநாள் கழிந்த மறு வாரம், பள்ளிக்கூட அறையில் நாம் மூவரும் உட்கார்ந்திருந்தோம். தங்காக்கில் மருமகனுடைய ஜவுளிக்கடைக்கு மேல்மாடியிலேயே தங்களுக்கு அறை ஒழித்துவிட்டார்கள், காற்றோட்டமான இடம், பள்ளிவாசலும் பக்கத்தில்தான் என்று நாங்கள் தங்களுக்காகச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தோம். தாங்கள் மேசைமேல் இருந்த கைமணியைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தீர்கள். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

“எல்லாஞ் சரிதாம்மா. நான் போயிட்டா, சாயங்காலம் புள்ளைங்க செஞ்சு வச்சத யாரு வந்து பாப்பாங்க? பாக்க ஆளில்லாத பாடம் நாலு நாள்ல செத்துப்போயிடும்” என்றீர்கள்.

தங்கராஜு வாத்தியார் கூரையைப் பார்த்தார். நான் என் முந்தானையைப் பார்த்தேன். ஐயா! இந்த மடல் பாராட்டுவதற்காக மட்டும் எழுதப்பட்டதன்று. தாங்கள் கேட்ட அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவும்தான் எழுதப்பட்டது.

தங்களைப் பற்றி அறியாத சிகாமட் விருந்தினர்கள் சிலரும் இங்கே வந்திருப்பதால், அடுப்படிப் பாடம் என்றால் என்ன என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். எங்கள் பள்ளிக்கூடத்துச் சிலேட்டுகள் தோட்டத்துச் சொத்து. வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. புத்தகமோ வகுப்புக்கு ஒன்று. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போனால் தாயும் தகப்பனும் எழுத்து வாசனை இல்லாதவர்கள். விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்து, ரப்பர்ப் பாலுக்காகப் பால் மரம் வெட்டி, வெயிலில் வாளி சுமந்து, வந்ததும் சோறாக்க உட்காருகிறவர்கள். இந்த நிலையில் ஆறு வயதுப் பிள்ளைக்கு வீட்டில் என்ன பாடம் கொடுப்பது? மற்றத் தோட்டத்து வாத்தியார்கள் எல்லோரும், “ஒண்ணும் குடுக்க முடியாது” என்று மணியை அடித்துவிட்டுப் போய்விட்டார்கள். தாங்களோ, அடுப்படியில் இருப்பதைக் கொண்டே பாடம் கொடுத்தீர்கள்.

பால்டின்னால் தண்ணீர் மொண்டு குடத்தை நிரப்பு. எத்தனை டின் பிடிக்கிறது என்று அம்மாவிடம் சொல். பருப்பில் கல் பொறுக்கும்போது கல்லைத் தனியே எண்ணு. அடுப்புச் சாம்பலைத் தரையில் தூவி, இன்று படித்த எழுத்தை விரலால் எழுதி, அப்பாவையும் அதன்மேல் விரல் ஓட்டச் சொல். கொடியில் காயும் துணிகளில் எது நீளம், எது குட்டை என்று வரிசை சொல். அம்மா ஒரு விடுகதை போடட்டும். அதை நாளைக்கு வகுப்பில் வந்து போடு. ‘தனியாகச் செய்தால் பாதிதான்’ என்பது தங்கள் சட்டம். வீட்டிலிருந்து ஒரு கேள்வியும் கொண்டுவர வேண்டும் என்பது இன்னொரு சட்டம். “எங்க அம்மா கேக்கச் சொன்னாங்க, கப்பல் இரும்பாச்சே, ஏன் முங்கல?” என்று ஒரு பிள்ளை கேட்டால், முழு வகுப்பையும் மழைத்தண்ணீர்த் தொட்டிக்கு அழைத்துப்போய்த் தகர டப்பாவை மிதக்கவிட்டுக் காட்டுவீர்கள். அந்தப் பதிலைப் பிள்ளை ஓடிப்போய் அம்மாவிடம் சொல்லும். இப்படி, பள்ளிக்கூடத்துப் படியை மிதித்தே அறியாத தாய்மார்கள் எல்லோரும் தங்கள் மாணவிகள் ஆனார்கள்.

சாயங்காலம் ஆனால், வெயிலோ மழையோ, கறுப்புக் குடையை ஊன்றிக்கொண்டு லயத்துக்கு வந்துவிடுவீர்கள். ஒவ்வொரு வாசலிலும் குனிந்து, பிள்ளை செய்து வைத்திருப்பதை நின்று நிதானமாகப் பார்த்து, கடைசியில் ஒரே ஒரு சொல் சொல்வீர்கள்: “பார்த்தாச்சு.” சபாஷ் இல்லை, மிட்டாய் இல்லை, பிரம்பும் இல்லை. அந்த ஒரு சொல்லுக்காகப் பிள்ளைகள் முகம் கழுவி, தலை வாரிக் காத்திருப்பார்கள். அதனால்தான் அப்துல் ஹலீம் என்ற அழகான பெயர் லயத்தில் யார் வாயிலும் நுழையாமல் போய்விட்டது. ‘பார்த்தாச்சு வாத்தியார்’ என்றால்தான் தெரியும்.

இல்லத்தரசியாய் இலங்கும் எங்கள் காதர் பீவி அம்மையாரே! தங்களை விட்டுவிட்டு மடல் எழுதினால் எழுதிய கை சும்மா இருக்குமா? நோன்பு மாதம் முழுதும் தாங்கள் காய்ச்சும் கஞ்சியை லயத்துப் பிள்ளைகள்தாம் டின்னால் அளந்து வீடு வீடாகப் பங்கு வைத்தார்கள். முதல் நாள் கணக்குத் தப்பிக் கடைசி வீட்டுக்குக் கஞ்சி இல்லாமல் போனபோது, தங்கள் பங்கை எடுத்துக் கொடுத்துவிட்டு, “நாளைக்குச் சரியா பங்கு வைங்க, இல்லாட்டி இந்தப் பீவியம்மா பட்டினி” என்று சிரித்தீர்களாம். மறுநாளிலிருந்து கணக்குத் தப்பியதே இல்லை.

பழி வந்தபோதும் பதறாத பண்பாளரே!

இனி, மங்குக் கதை. அப்போது நான் இந்தத் தோட்டத்துக்கு வரவில்லை. ஆனால் இந்தக் கதையைக் கேட்காமல் சுங்கை கெலாடியில் ஒரு குவளை தேத்தண்ணி குடித்துவிட முடியாது. அவரவர் வாயில் அது ஒரு முழம் நீண்டிருக்கிறது. நான் நேரில் கண்டவர்களையே கேட்டு எழுதுகிறேன்.

சித்தார்த்தி ஆண்டு, அரிசிக்குத் தட்டுப்பாடு வந்த காலம். தாங்கள் வந்து மூன்றாம் வருடம். ஒரு நாள் தாங்கள் கொடுத்த அடுப்படிப் பாடம் இது: ‘உங்கள் வீட்டில் எது நிறைய இருக்கிறதோ, அதைப் பத்துப் பத்தாக அடுக்கி எண்ணுங்கள்.’

பால் மரம் வெட்டும் வெள்ளையம்மாவின் மகள் கருப்பாயிக்கு அப்போது ஏழு வயது. வீட்டுக்குப் போனாள். அரிசிப் பானையைப் பார்த்தாள். பருப்பு டின்னைப் பார்த்தாள். விறகைக்கூட அன்றைக்கு என்று எண்ணித்தான் வைத்திருந்தார்கள். கொல்லைப்புறம் வந்து நின்றாள். எதிரே கித்தாக் காடு, எல்லாம் பால் மரம். ஒவ்வொரு மரத்திலும் பால் பிடிக்கும் மங்கு ஒன்று கம்பியில் கவிழ்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. நிறைய என்று சொல்ல அந்தப் பிள்ளையின் கண்ணுக்கு அகப்பட்டது அது ஒன்றுதான். கூட்டாளிகள் நாலு பேரைக் கூப்பிட்டுக்கொண்டு, நிரை நிரையாய்ப் போய் மங்குகளைக் கழற்றிப் பாவாடையில் சுமந்து வந்து, லயத்துக்குப் பின்னால் பத்துப் பத்தாய் அடுக்கினார்கள். அழகாக அடுக்கினார்களாம், ஒன்றுகூட உடையவில்லை. அதற்குள் இருட்டிவிட்டது. சோற்றுக்குக் கூப்பிட்டார்கள், போய்விட்டார்கள். அன்று பார்த்துத் தங்களுக்குக் காய்ச்சல், குடை வரவில்லை.

விடியக் கருக்கலில் வெள்ளையம்மா தன் நிரையில் முதல் மரத்தை உளியால் கோடிழுத்துவிட்டு மங்குக்குக் கையை நீட்டினாள். மங்கு இல்லை. பால் பட்டையில் வழிந்து மண்ணில் இறங்கியது. பக்கத்து நிரையில், “எம் மங்க எவ எடுத்தா?” என்று ஒரு கூச்சல். அதற்கடுத்த நிரையில் இன்னொரு கூச்சல். காளியப்பன் கங்காணி விளக்கும் கையுமாய் ஓடி வந்து, திருடன் என்றார், பேய் என்றார், கடைசியில் லயத்துப் பின்புறம் வந்து அந்த அடுக்கைப் பார்த்து விளக்கைக் கீழே வைத்துவிட்டார். அன்று அந்தக் காட்டுக்காரர்கள் எல்லோருக்கும் அரைநாள் பேர்தான் விழுந்தது, கூலி பாதிதான்.

துரையின் ஆபீசுக்குத் தங்களைக் கூப்பிட்டுவிட்டார்கள். கருப்பாயியையும் அவள் தாயோடு நிறுத்தினார்கள். வேலையை விட்டு நீக்கிவிடலாம் என்றுதான் துரை கடிதம் அடிக்கச் சொல்லியிருந்தாராம். “நான் கொடுத்த பாடம், துரை. குற்றம் பிள்ளையுடையதன்று” என்று தாங்கள் சொன்னீர்கள். கங்காணிக்கு ஆத்திரம் அடங்கவில்லை. “ஏன் புள்ள, எண்ண ஒனக்கு ஒலகத்துல வேற சாமானே கெடைக்கலியா?” என்று அதட்டினார்.

அந்தப் பிள்ளை தாயின் சீலையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “வாத்தியாரு வீட்டுல நெறைய இருக்கறத எண்ணச் சொன்னாரு. எங்க வீட்டுல ஒண்ணும் நெறைய இல்ல.”

கங்காணி தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாராம். தாங்கள் மட்டும் அழுதீர்கள் என்று வெள்ளையம்மா சொல்கிறாள். காய்ச்சலால் கண் கலங்கியிருந்தது என்று தாங்கள் இன்றுவரை சாதிக்கிறீர்கள். நாங்கள் வெள்ளையம்மாவையே நம்புகிறோம். அப்போது அவள்தான் முன்னால் வந்து, “தொரை, மரம் எங்கயும் ஓடிப்போகல. பாலு நாளைக்கும் வரும். இந்த வாத்தியாரு போனா இன்னொருத்தரு இப்படி வரமாட்டாரு” என்றாள். அன்றையப் பேரில் பாதி போனவள் அவள். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்த பிறகு துரையால் கடிதத்தில் கையெழுத்துப் போட முடியவில்லை. ஆனால் ஓர் உத்தரவு போட்டார்: இனிமேல் பள்ளிக்கூடச் சுவருக்கு வெளியே வாத்தியார் எந்தப் பாடமும் கொடுக்கக் கூடாது.

தாங்களும் தலைவணங்கிவிட்டு வந்தீர்கள். வந்த கையோடு அந்தப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் போய், மங்குகளை ஒவ்வொன்றாய் அதனதன் மரத்தில் மாட்டினீர்கள். “எடுத்து அடுக்குனீங்களே, அது கூட்டல். இப்ப மாட்டுறோமே, இது கழித்தல்” என்று சொல்லிக்கொண்டே மாட்டினீர்களாம். காய்ச்சல்கார மனுஷனுக்குக் கழித்தலைப் பார், என்று பீவியம்மா இன்றும் தலையில் அடித்துக்கொள்கிறார்கள்.

அதோடு அடுப்படிப் பாடம் செத்திருக்க வேண்டும். உத்தரவு என்றால் உத்தரவு. தாங்களோ சொன்ன சொல்லைத் தாண்டாதவர். மறுநாள் பிள்ளைகள் வெறுங்கையோடு வீட்டுக்குப் போனார்கள். இரண்டு நாள் லயமே சப்பென்று கிடந்தது. மூன்றாம் நாள், குழாயடியில் வரிசை நின்றபோது வெள்ளையம்மா குடத்தைக் கீழே வைத்தாள்.

“ஏண்டி, வாத்தியாரு பாடம் குடுக்கக் கூடாதுன்னுதானே தொரை சொன்னாரு? ஆத்தா குடுக்கக் கூடாதுன்னு சொல்லலையே!”

அவ்வளவுதான்! அன்று சாயங்காலமே அவள் கருப்பாயியிடம் வெங்காயத்தைக் கொட்டிப் பெரியது சிறியது பிரிக்கச் சொன்னாள். அடுத்த வீட்டுக்காரி புளியங்கொட்டையை எடுத்தாள். அதற்கடுத்தவள், தனக்குத் தெரிந்த ஒரே தாலாட்டை அடி அடியாய்ச் சொல்லிக்கொடுத்தாள். காளியப்பன் கங்காணி மனைவி மட்டும் சும்மா இருப்பாளா? அவள் கங்காணியின் வெற்றிலையையே எண்ணக் கொடுத்துவிட்டாள். தாங்கள் குடையை ஊன்றி லயத்துப் பக்கம் காலாற நடந்து வந்தீர்கள். நடப்பதற்குத் தடையில்லையே! குனிந்து பார்த்தீர்கள். பார்ப்பதற்கும் தடையில்லை. “பார்த்தாச்சு” என்றீர்கள். அந்தத் துரை ஊருக்குப் போய்விட்டார். அடுத்தவரும் வந்து போய்விட்டார். அந்த உத்தரவை மட்டும் யாரும் ரத்துச் செய்யவில்லை. ஆகையால் இந்தத் தோட்டத்தில் அடுப்படிப் பாடம் கொடுப்பது இன்றைக்கும் தாய்மார்கள்தாம், வாத்தியார் அல்லர். தாங்கள் அதன்பின் ஒரே ஒரு மாற்றம்தான் சொல்லியனுப்பினீர்கள்: ‘எது நிறைய இருக்கிறது என்று எந்தப் பிள்ளையையும் கேட்காதீர்கள். என்ன இருக்கிறது என்று கேளுங்கள்.’

அட்சய ஆண்டுப் பெருவெள்ளத்தில் ஆறு பொங்கிப் பள்ளிக்கூடம் கூரை வரை மூழ்கியது. சிலேட்டு, பலகை, நாற்காலி எல்லாம் ஆற்றோடு போயின. லயத்தார் எல்லோரும் மேட்டில் இருந்த புகைக்கூடத்தில் ஒண்டிக் கிடந்தார்கள். மற்றத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அந்தப் பருவம் படிப்பே இல்லை. எங்கள் பிள்ளைகளுக்கோ அங்கேயும் அடுப்பு இருந்தது, அம்மா இருந்தாள், சாம்பல் இருந்தது. தண்ணீர் எத்தனை படி ஏறியது, எத்தனை படி இறங்கியது என்பதே கணக்குப் பாடம் ஆயிற்று. தாங்கள் முழங்கால் சேற்றில் நடந்து வந்து பார்த்துவிட்டுப் போனீர்கள். பள்ளிக்கூடம் திரும்பக் கட்டித் திறந்த அன்று, பிள்ளைகள் விட்ட இடத்தில் இல்லை, முன்னேறியிருந்தார்கள்.

இனி எழுதப்போவதற்குத் தாங்கள் கோபிக்கக் கூடாது. பீவியம்மாவிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். “எழுதும்மா. அவுகளுக்கும் தெரியட்டும்” என்றார்கள்.

போன தீபாவளிக்குப் பிறகு ஒரு சாயங்காலம். மங்கு அடுக்கிய கருப்பாயி இப்போது ஒரு பிள்ளைக்குத் தாய். அவள் மகள் சந்திரமதி என் வகுப்பில் படிக்கிறாள். அன்றைக்குச் சட்டி மூடிகளைச் சிறிதிலிருந்து பெரிதாக வரிசை வைப்பது அவளுக்குப் பாடம். விளையாட்டு மும்முரத்தில் அவள் ஒன்றும் செய்யவில்லை. தாங்கள் வந்து குனிந்தீர்கள். “அழகா வச்சிருக்கியேம்மா. பார்த்தாச்சு” என்று சொல்லிவிட்டு அடுத்த வாசலுக்குப் போய்விட்டீர்கள்.

தப்பித்தோம் என்று வேறு பிள்ளையாய் இருந்தால் துள்ளியிருக்கும். இவள் விறகடுக்குப் பக்கம் ஓடிப்போய்த் தாயின் மடியில் விழுந்து தேம்பினாளாம். “அம்மா, வாத்தியாருக்குக் கண்ணு தெரியலம்மா. நான் ஒண்ணுமே வைக்கல. வெறுந்தரையப் பாத்து அழகா இருக்குன்னாரு.”

கருப்பாயி மகளை அணைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாதே என்றாள். சொல்லிவிட்டு அவளே போய் வெள்ளையம்மாவிடம் சொன்னாள். லயத்தில் ஒரு வாய் அறிந்தால் ஊரறிந்த மாதிரிதானே! விடிவதற்குள் பெரட்டுக் களம் முழுக்கத் தெரிந்துவிட்டது, தங்கள் ஒருவரைத் தவிர. கண்ணில் படலம் விழுந்ததைத் தாங்கள் எங்களிடம் மறைத்தீர்கள். நாங்கள் தெரிந்துகொண்டதைத் தங்களிடம் மறைத்தோம். கணக்கு நேர்.

மறுநாள் சாயங்காலம் சந்திரமதி முறத்தில் புளியங்கொட்டைகளை வைத்து ஓர் எழுத்தை அமைத்து, அந்த முறத்தைத் தூக்கித் தங்கள் மடியில் வைத்து, தங்கள் விரலைப் பிடித்து, “தொட்டுப் பாருங்க வாத்தியாரே, சரியா இருக்கான்னு” என்றாள். தாங்கள் தடவிப் பார்த்தீர்கள். வெகுநேரம் தடவினீர்கள். “சுழி கொஞ்சம் பெருசாப் போச்சு” என்றீர்கள். திருத்தி வைத்தாள். “பார்த்தாச்சு.”

அதிலிருந்து ஒவ்வொரு வாசலிலும் அப்படித்தான். கயிற்றைத் திரித்து ஒரு பிள்ளை எழுத்து வளைத்தது. பிசைந்த மாவை உருட்டி ஒரு பிள்ளை எண் செய்தது. கணக்குகள் எல்லாம் கையில் எடுத்து எண்ணக் கூடிய சாமான்களாய் மாறின. யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானிக்கவில்லை. தாங்கள் வரும் வழியில் இருந்த சாக்கடைமேல் பலகை முளைத்தது. அதன் ஓரமாய் ஒரு கயிறும் முளைத்தது. மாடு கட்ட என்றார் காளியப்பன் கங்காணி. இந்தத் தோட்டத்தில் அவரிடம் மாடு ஏது?

ஒன்றும் அறியாதவராய்த் தாங்கள் எங்களிடம் வந்து, “தங்கராஜு, இந்த வருசத்துப் புள்ளைங்களுக்குக் கைவேலையில என்னமா ஆசை!” என்று பூரித்தீர்கள். தங்கராஜு வாத்தியார், மணி அடிக்கிற நேரம் ஆகிவிட்டது என்று வெளியே ஓடினார். மணி அடிக்க அப்போது நேரமே ஆகவில்லை. கொல்லையில் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

அவர் எழுதி நான் அடித்த அடைமொழி, ‘கல்விக் கண் திறந்த வள்ளலே’ என்பது. கண் மங்கி நிற்கும் மனிதர் எதிரே நின்று கண் கண் என்று முழங்க எனக்கு மனம் ஒப்பவில்லை. இப்போது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வேண்டுமானால் அவர் அதைத் திருப்பிப் போட்டுக்கொள்ளட்டும்.

கேட்ட கேள்விக்குப் பதில் பெற வேண்டிய பெரியவரே!

பாடத்தைப் பார்க்க ஆளில்லாமல் போய்விடும் என்று கலங்கினீர்கள். தாங்கள் கேட்டதை அன்று மாலையே நான் குழாயடியில் போய்ச் சொன்னேன். கருப்பாயிதான் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

“டீச்சரம்மா, அன்னைக்கு ஆபீசுல எங்க வீட்டுல ஒண்ணும் நெறைய இல்லன்னு சொன்னேன். வாத்தியாரு அழுதாரு. இப்ப நாஞ் சொன்னேன்னு போய்ச் சொல்லுங்க. பாக்க ஆளு நெறைய இருக்கு.”

ஆமாம் ஐயா, இருக்கிறது. கிழக்கு லயத்தை வெள்ளையம்மா பார்க்கிறாள். மேற்கு லயத்தைக் கருப்பாயி பார்க்கிறாள். எழுத்துப் பிழை கண்டால் தங்களைப்போல் விட்டுப் பிடிக்கமாட்டாள், அதற்குத் தாங்கள்தாம் பொறுப்பு. கங்காணிக்கு இப்போது நடக்கக் கால் வராது. அதனால் பிள்ளைகள் அவர் வாசலுக்கே முறத்தைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அவருக்கு எழுத்துத் தெரியாது. என்றாலும் ஒவ்வொன்றையும் கூர்ந்து பார்த்துத் தலையாட்டுகிறார். பார்ப்பதற்குப் படிப்பு எதற்கு என்று கேட்கிறார். இதோ இரண்டு வாரமாய் அப்படித்தான் நடக்கிறது. தாங்கள் மூட்டை கட்டுவதில் மும்முரமாய் இருந்ததால் தெரியவில்லை. பாடம் சாகவில்லை.

எல்லாம் வல்ல இறைவன் தங்களுக்கும் பீவியம்மாவுக்கும் நோயற்ற வாழ்வும் குறைவற்ற செல்வமும் கொடுத்து, பேரன் பேத்தி கையால் கஞ்சி வாங்கிக் குடிக்கும் நெடிய ஆயுளையும் அருள்வானாக! காலமெல்லாம் பாடம் கேட்ட கடனுக்கு, இன்று நாங்கள் தங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுக்கிறோம். தங்காக்கில் இருப்பது ஜவுளிக்கடை. தினம் சாயங்காலம் துணிகளைத் தொட்டுப் பார்த்து, எது மல், எது சீட்டி, எது பட்டு என்று பீவியம்மாவிடம் சொல்ல வேண்டும். தனியாகச் செய்தால் பாதிதான். மழை விட்டதும் பஸ் ஏறி வந்து நாங்கள் பார்ப்போம். செய்யாமல் இருந்தால், கருப்பாயியைத்தான் அனுப்புவோம்.

இந்த மடலைக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தருகிறோம். அது தங்கள் வீட்டுச் சுவருக்கு. தங்களுக்கென்று வேறொன்று இருக்கிறது. முதல் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து, அவரவர் அடுப்படியிலிருந்து கொண்டுவந்த புளியங்கொட்டைகளை ஒரு பலகையில் பதித்துப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். அன்று குழாயடியில் கருப்பாயி கடைசியாகச் சொன்ன வார்த்தைகள்தாம் அதில் இருக்கின்றன, அவள் சொன்னது சொன்னபடியே. தங்கராஜு வாத்தியார் அதை இலக்கணப்படி திருத்தப் பார்த்தார். சந்திரமதி கொட்டையைத் தரமாட்டேன் என்றுவிட்டாள்.

சந்திரமதி, பலகையைக் கொண்டுபோய் ஐயாவின் மடியில் வை. விரலைப் பிடித்து முதல் எழுத்தில் வைத்துவிடு.

ஐயா, அவசரமில்லை. நிதானமாகத் தடவிப் படியுங்கள். சுழி பெரிதாய் இருந்தால் சொல்லுங்கள். படித்து முடித்ததும், பிள்ளைகள் முகம் கழுவித் தலை வாரிக் காத்திருக்கிறார்கள், அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள்.

தங்கள் பார்வையில் வளர்ந்த,
ராஜம்மா, தங்கராஜு,
சுங்கை கெலாடித் தோட்டத் தமிழ்ப் பள்ளி ஆசிரியர்கள்,
பாடம் கொடுக்கும் தாய்மார்கள்.
ஈசுவர ஆண்டு மார்கழித் திங்கள்.